அத்தா வீட்டைக் காலி செய்தது

என் அத்தாவை நான் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேன் என்று எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் "அட போம்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கட்டில், மெத்தை, எச்சில் படிக்கம் சகிதமாக ஒரு கிழவரை நடுத்தெருவில் நிறுத்தி, அவர் கையிலிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்பவளைப் பார்த்தால் யாருக்குத்தான் வேறு எண்ணம் வரும்?

துரத்தினேன் என்பது உண்மைதான். துரத்தச் சொன்னதே அவர்தான் என்பதும் உண்மை.

அத்தா என்கிறேனே தவிர, அவர் என்னைப் பெற்றவர் இல்லை. பெற்றவர் நான் தவழ ஆரம்பிக்கும் முன்பே மௌத்தாகிவிட்டார். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இவரை நிக்காஹ் செய்துகொண்டாள். இவருக்கும் மூத்த சம்சாரம் போய்ச் சேர்ந்து, மீசை அரும்பும் வயதில் ஒரு மகன் இருந்தான். பிறகு அம்மாவும் போய்விட்டாள். மகன் பெரிய இடத்தில் பெண் எடுத்து, மரக்கடை வைத்து, மாம்பலத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு போனான். மிச்சம் நானும் அத்தாவும்தான். ரத்தத்தில் ஒட்டில்லை, உறவில் ஒட்டில்லை, சண்டை மட்டும் தினமும் உண்டு.

நடுவில் எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த மனுஷன் தலாக் சொல்லி அனுப்பியபோது, பெட்டியோடு வாசலில் வந்து நின்றேன். அத்தா பஞ்சு படிந்த புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். அவர் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர். கடைத்தெருவில் சின்னக் கடை. "வந்துட்டியா? வாயிக்கு ருசியா ஆணம் வெக்க ஆளில்லாம செத்துக்கினு கெடந்தேன். போ, அடுப்பப் பத்த வை" என்றார். ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கிடையாது. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை அடுப்புப் புகையின் தலையில் போட்டேன்.

கச்சேரி ரோட்டுப் பக்கம் சந்துக்குள் இருந்தது வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் கிணறு. அத்தாவுக்கு அந்த வீட்டின்மேல் அப்படி ஒரு வெறி. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மயிலாப்பூரே பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு ஓடியபோது, "குண்டு வந்தா மெத்தைமேல வுயட்டும், ஒடையாது" என்று கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தவர் அவர்.

யுத்தம் முடிந்தது. ஓடிய சனமெல்லாம் திரும்பிவந்து, எலிவளைக்குக்கூட வாடகை எகிறிக் கிடந்தது. அத்தாவுக்கோ பஞ்சுத் தூசியால் வந்த இளைப்பு முற்றிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் அண்ணன், அதாவது மாம்பலத்து மகன், ஒரு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு வந்தார். அத்தாவை நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்து நான் டீ போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மேஸ்திரி கூடத்தை அளந்துகொண்டிருக்கிறான்! நாலு குடித்தனம் வைக்கலாமாம், நடுவில் சுவர் எழுப்பலாமாம். அளவு நாடா கட்டிலுக்கு மேலே போக வேண்டியிருந்தது. "பெரியவரே, காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க" என்றான் அந்தப் பாவி. அத்தாவும் மடக்கிக்கொண்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "மனுஷர் உயிரோட படுத்திருக்காரு, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

அண்ணன் மாம்பலம் போனதிலிருந்து திருத்தமாகத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் உள்ளே இருக்கும் மயிலாப்பூர் வெளியே குதித்துவிடும். "நீ இன்னா கத்துற? ஒனக்கு இந்த வூட்ல இன்னா கீது? சட்டமும் இல்ல, ஷரீஅத்தும் இல்ல. அத்தா காலத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு சும்மா கீறேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எரிச்சல். மனைவி கூட்டிவந்த பிள்ளைக்கு மாற்றாந்தகப்பன் சொத்தில் பங்கு கிடையாது. அத்தா கண்ணை மூடிய மறுநாள் நான் அதே பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இந்த முறை "வந்துட்டியா" என்று கேட்க எந்த வாசலிலும் யாரும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவர்கள் போனதும் அத்தா காலை நீட்டினார். "செருப்பக் குடு" என்றார். மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பள்ளிவாசலுக்கு நடந்துபோய், அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத்தைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஹஜ்ரத் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாரிசா இல்லாத ஒருத்தருக்கு, சொத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும்தான் உயில் எழுதலாம்" என்றார் ஹஜ்ரத்.

"மூணுல ஒண்ணுன்னா இன்னா வரும்? கெணறும் கக்கூஸுமா? முயுசும் குடுக்கணும், வழி சொல்லு. கடை மவனுக்கு இருக்கட்டும், வூடு இதுக்கு."

"அப்ப ஹிபா செய்யலாம். உயிரோட இருக்கறப்பவே தானமாக் கொடுக்கறது. எழுத்துகூட வேண்டாம், வாய்ச்சொல் போதும். ஆனா கொடுத்தேன்னு சொல்லிட்டு அதே வீட்டுல படுத்திருந்தா அது கொடுத்ததாகாது. நீங்க நெசமா வெளியேறணும். உங்க சாமான் ஒண்ணுகூட உள்ள இருக்கக்கூடாது. சாவியைக் கொடுத்து, அவங்க வாங்கிக்கணும். அப்புறம் அவங்க கூப்பிட்டா விருந்தாளியா வரலாம்."

குண்டுக்கே அசையாத மனுஷர். அவரைப் போய் வீட்டைக் காலி செய்யச் சொன்னால்? கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, வெள்ளிக்கெயம ஜும்மா முடிஞ்சி வண்டி சொல்லிடு" என்றார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டில் வெளியே போனது. மெத்தை போனது. பஞ்சு கொட்டும் வில், நின்றுபோன கடிகாரம், படிக்கம், அவருக்கென்று நான் தனியாகப் போட்ட எலுமிச்சை ஊறுகாய், அவருடைய கிழட்டுக் கோழி உட்பட எல்லாம் போயின. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மூலை மூலையாகத் தேடினேன். ஹஜ்ரத்தும் அண்டை வீட்டார் இருவரும் சாட்சியாக நிற்க, "இந்த வூட்ட உனக்குக் குடுத்தேன்" என்று அத்தா சாவியை நீட்டினார்; "வாங்கிக்கிட்டேன்" என்றேன். அப்போது பார்த்துத்தான் மீன்காரம்மா சந்துக்குள் நுழைந்தாள்.

"அடிப்பாவி! இன்னாம்மா இது, கெயவன வெளிய தள்ளிக்கினு கீற? மூச்சு வாங்குது பாரு அந்த ஆளுக்கு. நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தெருவைக் கூட்டினாள். அத்தாவாவது வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? மனுஷர் மாட்டுவண்டியில் மெத்தைமேல் ஏறி உட்கார்ந்து, பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவருக்கு அதில் ஒரு ஆனந்தம்.

வண்டி எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? மாம்பலத்துக்கு! மகனிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற மகன் வீட்டுக்கே போனவர் உலகத்தில் எங்கள் அத்தா ஒருவராகத்தான் இருக்கும். "வேற எங்க போவேன்? சொந்தம்னு அவன்தான கீறான்" என்றார் கேட்டதற்கு.

அங்கே நடந்ததை அண்ணி பிறகு சொன்னாள். அவள் வாயில் எதுவும் நிற்காது. அத்தா கோழியோடு வந்து இறங்கியதும், அந்தப் பெண் ஒருவழியாகத் துரத்திவிட்டாள் என்று அண்ணனுக்கு ஒரே குஷியாம். ஆட்டுக்கறி வாங்கிவந்து பிரியாணி போடச் சொன்னாராம். அத்தா நிதானமாக இரண்டு தட்டுச் சாப்பிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "வூட்ட அதுக்கே குடுத்துட்டேன்பா" என்றாராம். முன்னாடியே சொல்லியிருந்தால் கறி கிடைத்திருக்காது என்பது அவர் கணக்கு.

அடுத்த நாளே அண்ணன் ஹஜ்ரத்தைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார். மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம் எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். "அத்தாவோட சாமான் ஏதாவது உள்ள இருந்தா ஹிபா செல்லாது. பார்க்கலாமா?" என்றார்.

"தாராளமா பாருங்க" என்றேன். எனக்கு அவ்வளவு திமிர்.

பார்த்தார். அடுப்படியில் பார்த்தார், அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார், கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரண்மேல் ஏறி, அம்மாவின் தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்தார். பிரித்ததும் வெள்ளைத் துணி. மௌத்தானவர் உடம்பில் சுற்றும் கபன் துணி. ஹஜ்ஜுக்குப் போன கூட்டாளி ஒருவர் மக்காவின் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து அத்தாவுக்குக் கொடுத்தது.

எனக்குத் தெரியாததா என்ன? தெரியும். ஊறுகாய் ஜாடியை நினைத்தேன், கோழியை நினைத்தேன், இது மட்டும் சாமான் என்று என் புத்திக்குத் தோன்றவேயில்லை. உயிரோடு இருக்கும் மனுஷருடைய சாமானில் கபனை யார் சேர்ப்பார்கள்?

அண்ணன் ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "அவரோடதுதான். இது இங்க இருக்கற வரைக்கும் ஒப்படைச்சதா ஆகாது. இதையும் அவருகிட்ட சேர்த்துட்டு, அவரு மறுபடி கொடுத்தேன்னு சொல்லணும்" என்றார்.

"அத்தாவுக்கு நேத்து ராத்திரியிலேருந்து இளைப்பு ஜாஸ்தி. அவரை யாரும் பார்க்க வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார் அண்ணன், மெதுவாக. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. மறுபடி சொல்வதற்குள் அத்தாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு அவருக்கு.

அவர் கையிலிருந்து அந்தத் துணியைப் பிடுங்கினேன். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அண்ணன் வந்த ஜட்கா வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தேன். "ஹஜ்ரத், நீங்க முன்னாடி ஏறுங்க" என்றேன். ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை எல்லாம் எப்படிப் போயின என்று தெரியாது. மடியில் அத்தாவின் கபன். யா அல்லா, இதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மகளும் ஒரு மகளா என்று வழி நெடுக அழுதேன். வீட்டுக்காகத்தான் போகிறேன் என்பது இன்னும் அசிங்கமாக இருந்தது.

மாம்பலத்து மாடியில் அத்தா தலையணைகளில் சாய்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். "உங்க சாமான் அத்தா, விட்டுட்டு வந்துட்டீங்க" என்றேன்.

"மறந்துட்டீங்களா?" என்றார் பின்னாலேயே வந்த அண்ணன்.

"மறக்கலடா. அந்தத் துணிய எடுத்துக்கினு வந்தா இங்கியே மௌத்தாவ வந்த மாரி ஆயிடும்னு வச்சிட்டு வந்தேன்."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. அவரும் அந்த மயிலாப்பூர் வீட்டில் பிறந்தவர்தான். அவருடைய அம்மா போனதும் அதே கூடத்தில்தான். அதற்குப் பிறகு இன்னொருத்தி இடுப்பில் ஒரு குழந்தையோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்தவர். முதல் தடவையாக அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

அத்தா துணியை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஹஜ்ரத்தைப் பார்த்து, இழுத்து இழுத்து, "வூட்ட இதுக்குக் குடுத்தேன்" என்றார். நான் சாவியை அவர் கையில் வைத்து, திரும்ப வாங்கிக்கொண்டேன். அண்ணன் கீழே இறங்கிப் போய், கொஞ்ச நேரத்தில் டாக்டரோடு வந்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் அத்தாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. ஒருநாள் பகலில் நான் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்கள். யாரோ வெளியாள் என்று நினைத்தேன். எங்கள் முறைப்படி அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை சலாம் சொல்ல வேண்டும். உள்ளிருந்து பதில் வராவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இரண்டாவது சலாம் கேட்டதும் கை நின்றுவிட்டது. அத்தாவின் குரல். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் சலாம் சொல்லி அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. "டீ எங்க?" என்று கத்திக்கொண்டுதான் வருவார்.

அந்தப் பிடிவாதக்காரர் திரும்பிப் போனாலும் போவார் என்று பயந்து மசாலாக் கையோடு ஓடினேன். வாசப்படிக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல், கக்கத்தில் அந்தக் கபன் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி இல்லை, கட்டில் இல்லை.

"மெத்தை எங்கத்தா?"

"விருந்தாளி எவனாவது மெத்தையத் தூக்கிக்கினு வருவானா?" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சலாம் சொன்னார்.

"வ அலைக்கும் ஸலாம். உள்ள வாங்கத்தா."

அசையவில்லை. "யாரு வூட்டுக்குன்னு சொல்லிக் கூப்புடு."

"என் வூட்டுக்கு" என்றேன். பிறந்ததிலிருந்து எந்தக் கூரையைப் பார்த்தும் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவர் செருப்பைக் கழற்றினார்.