உடன் வந்தவர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரெண்டாம் நம்பர் அம்மா" என்றால்தான் தெரியும். ரெண்டாம் நம்பர் என்றதும் ஏடாகூடமாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவில் இரண்டு ஜன்னல்கள் உண்டு, இரண்டாவது அவளுடையது. இருபத்தேழு வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. நாற்காலியின் மெத்தை மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது.

வேலை என்னவோ எளிதுதான். ஒரு படிவம், பதினான்கு கட்டங்கள். பெயர், வயது, ரத்த வகை என்று ஆரம்பிக்கும். ஒன்பதாவது கட்டம் "அவசரத்தில் தெரிவிக்க வேண்டியவர்". கடைசிக் கட்டம் "உடன் வந்தவர்", பக்கத்திலேயே உறவு. அவள் கேட்பாள், வந்தவர்கள் சொல்வார்கள், அவள் எழுதுவாள். ஒவ்வொரு படிவத்துக்கும் அச்சடித்த எண் இருக்கும். எழுத்து கெட்டுப்போனால் கிழித்துப் போட முடியாது. ஒன்றாம் ஜன்னல்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் மேஜை டிராயரில் "ரத்து" என்று ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. அதைக் குத்திக் கோப்பில் சேர்த்துவிடுவார். மாசக் கடைசியில் எண் ஒன்று குறைந்தாலும் மனிதர் தூங்க மாட்டார்.

பதினான்கு கட்டங்களில் ஒன்பதாவதில் மட்டும் அவள் கொஞ்சம் உஷாராக இருப்பாள். ஆடிப்போய் வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள், செத்துப்போனவர்களின் பேரைச் சொல்வார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர் ரத்தம் சொட்டும் மகனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தெரிவிக்க வேண்டியவர் என்று தன் அப்பா பேரைச் சொன்னார். விசாரித்தால் அப்பா போய் முப்பது வருஷம். பைத்தியமெல்லாம் இல்லை. மனசு நடுங்கும்போது வாய் தன்பாட்டுக்குப் பழைய ஆளைத் தேடிக்கொண்டு போய்விடுகிறது. அப்படிப்பட்டவர்களை அவள் திருத்த மாட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்பாள். யாரும் இல்லையென்றால் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஆயாவைக் கூப்பிட்டு, "இவரைத் தனியா விடாதே" என்பாள். இது எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது, அவளே போட்டுக்கொண்ட விதி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை அவள் தன் கணவருக்கே படிவம் எழுத வேண்டி வந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். ஒன்றாம் ஜன்னல்காரர் மெதுவாக, "மேடம், கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். "நான்தானே சார் கூட வந்திருக்கேன்" என்றாள். அவர் கேட்டது அவளுக்காக என்று அன்று அவளுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் கணவர் போய்விட்டார். மூன்றாவது வாரம் அவள் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். அழவில்லை. "என்ன தைரியம் பாரு" என்றார்கள். தைரியமாவது ஒன்றாவது! பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது. பல்லுக்குப் போட்டது இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். இது விடவே இல்லை.

பல் என்றதும் மகளைச் சொல்ல வேண்டும். ஒரே மகள், இருபத்தொன்பது வயது, வெளிநாட்டில் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை உண்டு, கிழவர்களின் நிஜப் பல்லுக்குப் பொருத்தமான வெள்ளையைத் தேடிப் பிடிப்பதுதான் தன் பிழைப்பு என்பாள். மூன்று வருஷமாக "வாம்மா, வந்து ஒரு மாசம் இரு" என்று கெஞ்சினாள். இவளும் லீவு இல்லை, முழங்கால் வலி, பாஸ்போர்ட் காணோம் என்று விதவிதமாகச் சாக்குச் சொன்னாள். கடைசியில் சாக்கெல்லாம் தீர்ந்துபோய், இந்த மாதம் பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

இரண்டாம் தேதி காலை, மகள் தினமும் வண்டி மாறும் சுரங்க ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. மகள் இருபது நிமிஷம் முன்னால் அந்த இடத்தைக் கடந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கூடத்து டி.வி.யில் செய்தி ஓடியபோது இவள் ஒரு படிவத்தின் நடுவில் இருந்தாள். அதை எழுதி முடித்துவிட்டுத்தான் போன் செய்தாள்.

"நல்லா இருக்கேம்மா."

"சரி."

பதினோராம் தேதி அதே ஊர்ச் சந்தையில் இன்னொரு குண்டு. மறுபடியும் "நல்லா இருக்கேம்மா", மறுபடியும் "சரி". மகளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பெண் மூட்டை கட்டிக்கொண்டு தன் ஊருக்கே போய்விட்டாள். மகள் சொன்னாள், "நீ இப்ப வர வேண்டாம்மா. ஆறு மாசம் போகட்டும்." அதற்கும் இவள் சரி என்றாள். தாயும் மகளும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள், கேள்விக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு கட்டம்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவளுடைய அண்ணன் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்தத் தெரு, எந்த முனை, எத்தனை மணி என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். "சாகிறதுக்கு எதுக்கு விசா? அதை இங்கயே பார்த்துக்கலாம், பேசாம இரு" என்று தினம் காலையில் போன் செய்து திட்டினார். ஒன்றாம் ஜன்னல்காரருக்கு வேறு கணக்கு. "நம்ம வாசல்ல ரோட்டைத் தாண்டுறதைவிட அது ஒண்ணும் பெரிய ஆபத்தில்ல மேடம். தாண்டினவங்க கதிதான் தினம் நமக்குத் தெரியுதே" என்றார். டிக்கெட் விற்ற ஆள், விற்கும்போது அந்த ஊரைச் சொர்க்கம் என்று வாயாரப் புகழ்ந்தவர், இப்போது, "அது உங்க சௌகரியம்மா. ரத்து பண்றதா இருந்தா பதினாலாம் தேதி சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்று ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

எல்லோர் பேச்சும் அவள் காதில் விழுந்தது, உள்ளே எதுவும் இறங்கவில்லை. கட்டிலில் திறந்து கிடந்த பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, பயமா இருக்கா என்று ஜன்னலில் கேட்பதுபோலத் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. சரி, போகணும்போல இருக்கா? அதற்கும் இல்லை. போவதென்றால் மாத்திரை வாங்க வேண்டும், கம்பளிச் சட்டை தேட வேண்டும், விமானத்தில் பக்கத்து சீட்காரரிடம் பேச வேண்டியிருக்கும். போகாமல் இருப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். அதனால் போட்டாள். அவ்வளவுதான் காரணம். அண்ணன் மட்டும் தன் பேச்சுக்குத் தங்கை கட்டுப்பட்டுவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினாலாம் தேதி மதியம். சாயங்காலம் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று விண்ணப்பம் கைப்பையில் இருந்தது. ஜன்னலில் கூட்டம் இல்லை. டிபன் பாக்ஸைத் திறக்கப்போகும் நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். அங்கே காலை. இப்போதெல்லாம் ரயிலில் ஏறுவதில்லை, ஒன்றேகால் மணி நேரம் நடந்தே வேலைக்குப் போகிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஏண்டி இதை முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

உண்மைதான். கேட்கவில்லை. கை சும்மா இருக்காமல் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலையில என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்வாங்க? குண்டு வெடிச்சா கிழவங்களுக்குப் பல்லு வேண்டாமா? வேலை நடக்குது. நேத்து எல்லாருக்கும் ஒரு அட்டை குடுத்தாங்க. கழுத்துல மாட்டிக்கணுமாம். பின்பக்கம் எழுதணும்."

"ரத்த வகை எழுதினியா?"

"எழுதினேன்."

"தெரிவிக்க வேண்டியவர்?" பழக்கதோஷம்தான். இருபத்தேழு வருஷம் கேட்ட கேள்வி, நாக்கு அதுவாகக் கேட்டது.

"அப்பா பேரைத்தான் எழுதினேன்."

"நம்பர்?"

"அப்பா நம்பர்தாம்மா. ஏன்?"

மகளின் குரலில் ஒரு பிசிறும் இல்லை. தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நடக்கும் சத்தமும், ஏதோ வண்டி போகும் சத்தமும் போனில் கேட்டன. இவள் திருத்தவில்லை. அடுத்த கேள்விதான் வந்தது.

"கூட யாராவது இருக்காங்களா?"

"எங்க?"

"வீட்டுல. வேலையில. இப்ப நடந்து போறியே, அங்க."

"யாரும் இல்லம்மா. நான் மட்டுந்தான்."

நடக்கும் சத்தம் நின்றுவிட்டது. பிறகு மிகச் சின்னக் குரலில், "அம்மா… நான் அப்பா பேரையா எழுதினேன்?"

"ஆமாண்டி."

மகள் தெருவில் நின்றுகொண்டு அழ ஆரம்பித்தாள். முதல் குண்டுக்கும் அழவில்லை, இரண்டாவதற்கும் அழவில்லை, அப்பா போனபோதுகூட ஊருக்கு வந்து நான்கு நாள் கல்லாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவள். இவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இவள் கன்னத்தில் எங்கோ ஒரு மூலையில் சுருக்கென்றது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வராததை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. பெற்ற பெண் பன்னிரண்டு நாளாகத் தன் ஜன்னலுக்கு எதிரில் வந்து நின்றிருக்கிறாள், தான் தலைநிமிர்ந்து பார்க்கவே இல்லை.

குனிந்தபோதுதான் மேஜையைக் கவனித்தாள். பேனா உருண்டுகொண்டு மட்டும் இருக்கவில்லை. படிவக் கட்டின் மேலாக இருந்த தாளில், பெயர் என்ற இடத்தில் மகளின் பெயர் இருந்தது. வயது இருபத்தொன்பது. ரத்த வகையும் சரி. ஒன்பதாவது கட்டத்தில் கணவரின் பெயர். இடையில் இருந்தவற்றையெல்லாம் தாண்டி, கடைசிக் கட்டத்தில், உடன் வந்தவர் என்ற இடத்தில், கோடு போடவில்லை. தன் பெயரை எழுதியிருந்தாள். உறவு: தாய். எப்போது எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பதினெட்டாம் தேதி காலையில வந்து இறங்குறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. இங்க நிலைமை சரியில்ல. உனக்குப் பயமா இல்லையா?"

"தெரியலடி. வந்துட்டுச் சொல்றேன். நீ எங்கயும் வந்து நிக்காதே, வேலைக்குப் போ. வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுத்து வெப்பே?"

"யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்று மூக்கை உறிஞ்சினாள் மகள். "நானே வரேன்."

போனை வைத்தபோது டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. ஒன்றாம் ஜன்னல்காரர் நாற்காலியோடு நகர்ந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு மேடம் சேர்க்கை? ஆளையே காணோமே?" என்றவர் படிவத்தைப் படித்தார். ஒன்பதாவது கட்டத்தில் கண் நின்றது. சட்டென்று டிராயரைத் திறந்து முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்து, வேறெங்கோ பார்த்தபடி, "கெட்டுப்போன படிவந்தானே, குடுங்க. ரத்து போட்டுடுறேன்" என்றார்.

அவள் படிவத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் கைப்பையைத் துழாவி, டிக்கெட் விண்ணப்பத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுக்குப் போடுங்க சார்."

"இதுவே ரத்து விண்ணப்பம் மேடம்."

"தெரியும்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். முத்திரையை மையில் ஒற்றி, அவள் கையெழுத்தின் மேலேயே ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அதற்குள் அவள் தாளைப் படிவக் கட்டிலிருந்து உருவி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

"மாசக் கடைசியில ஒரு நம்பர் குறையுமே" என்றார் அவர். "கேட்டா நான் என்ன சொல்றது?"

"உடன் வந்தவர் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க."