மூன்றாவது சட்டி

போன மாதம் என் புதினாவை வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. காரணம், எதிர்வீட்டுப் பாண்டியம்மா.

முதலில் புதினா குடியிருந்த வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய குட்டிக் கூடாரம். இரண்டடிக்கு இரண்டடி, உயரம் என் நெஞ்சு மட்டம். வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளிப் பளபளப்பு, மேலே எல்.இ.டி. லைட், முன்னால் ஒரு ஜிப். ஜிப்பை இழுத்துவிட்டால் உள்ளே பகலும் இரவும் நம் இஷ்டம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓய்வுபெற்ற சயின்ஸ் வாத்தியார் ஒருவர், படுக்கையறை மூலையில் கறுப்புக் கூடாரம் போட்டு, லைட் போட்டு, கமுக்கமாகச் செடி வளர்க்கிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தது. கூடலூரில் எங்கள் தெரு முழுக்கக் கூப்பிட்டு, ஜிப்பைத் திறந்து, புதினாவை முகரக் கொடுத்த பிறகுதான் பேச்சு அடங்கியது.

அப்படி முகர வந்தவர்தான் பாண்டியம்மா. திராட்சைத் தோட்டத்துக் கவாத்து வேலைக்குப் போகிறவர். லைட்டை அணைத்து ஜிப்பை மூடச் சொன்னார். வெளியே நின்று உற்றுப் பார்த்தார்.

"சார், இது முளைப்பாரிக்குன்னே தச்ச மாதிரியில்ல இருக்கு!"

முளைப்பாரி உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மன் திருவிழாவுக்காகச் சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, இருட்டில் ஏழு நாள் வளர்ப்பார்கள். வெளிச்சம் படக் கூடாது. தண்ணீர் தெளிக்கிற ஒருத்தியைத் தவிர வேறு யாரும் அண்டக் கூடாது, பார்க்கவும் கூடாது. பயிர் எப்படி வருகிறதோ, அந்த வருஷம் அந்தக் குடும்பத்துக்கும் அப்படித்தான் என்பது நம்பிக்கை. எங்கள் தெருவில் வழக்கமாக முளைப்பாரி வைக்கிற வீட்டை இடித்து மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பாண்டியம்மா வீட்டிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல்.

"மூணே மூணு சட்டி சார். எனக்கு ஒண்ணு, எம்மக கவிதாவுக்கு ஒண்ணு, அவ வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு."

மூன்றாவது சட்டியைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கவிதாவைப் பண்ணைப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை கலைந்து, இப்போது மூன்றாவது. ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா?

"நீங்களும் பாக்கப்படாது சார்" என்று எச்சரித்தார்.

"நான் எதுக்கு பாக்கப் போறேன்!" என்றேன்.

விடியுமுன் ஒரு தரம், பொழுது இறங்கிய பின் ஒரு தரம் வருவார். விளக்குகூடக் கிடையாது. கைப்பழக்கத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஜிப்பை மூடிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாம் நாளே எனக்குக் கை பரபரத்தது. என் வீடு... என் கூடாரம்... உள்ளே நடப்பது எனக்கே தெரியக் கூடாதா? பார்க்காதே என்று ஒருவர் சொல்லும்வரை நாம் எதைத்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறோம், சொல்லுங்கள்!

காலை பதினோரு மணி. மனைவி ராஜேஸ்வரி அடுப்படியில். அறைக்கதவைச் சாத்தினேன். ஜிப்பை நாலு விரல் அகலம் திறந்து, செல்போன் டார்ச்சை அடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். வெறும் ஈர எரு. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் முளைகள் விரல் நீளம் வந்திருந்தன. வெயில் காணாத பயிரில்லையா, பச்சை என்பதே இல்லை. முன்னால் இருந்த இரண்டு சட்டிதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது, பின்னால் இருட்டுக்குள் இருந்தது.

ஆறாம் நாள் ஜிப்பை இறக்கியவன் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன்.

அத்தனை முளையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

உள்ளே காற்று கிடையாது. கூடாரத்தோடு வந்த குட்டி ஃபேனை முன்பே கழற்றிவிட்டேன். ஆனாலும் இரண்டு சட்டியும் மொத்தமாக வளைந்து, ஒவ்வொரு தலையும் சரியாக அந்த நாலு விரல் திறப்பை நோக்கி நின்றது. ஆள் வருவான் என்று தெரிந்து காத்திருந்த மாதிரி. உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு வாடை வந்தது. பின்னால் எங்கேயோ சொட்... சொட்... என்று தண்ணீர் விழுந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது — "ஸாரி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு திறக்கவில்லை. சட்டை மாற்றப் போனால்கூட அந்தக் கூடாரத்துக்கு முதுகைக் காட்டப் பயமாக இருந்தது. "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?" என்றாள் ராஜேஸ்வரி.

எட்டாம் நாள் காலை. சட்டிகளை எடுக்கும் நாள். வாசலில் புதுச்சேலையோடு கவிதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன பாண்டியம்மா வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"சார்... இங்கன வாங்க."

ஜிப் முழுக்கத் திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இப்போதுதான் நானும் மூன்றாவது சட்டியைப் பார்க்கிறேன். அது நேர் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. பின்சுவரைப் பார்த்து.

"எஞ்சட்டியும் கவிதா சட்டியும் இங்கிட்டுப் பாக்குது. பிள்ளை சட்டி மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது சார். இதுவும் எங்கள வேணாம்னுட்டுப் போயிருமா? வெளிய உக்காந்திருக்கறவட்ட எதைக் காட்டுவேன்?"

முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, செடி வெளிச்சத்தைத் தேடி வளையும் என்று செய்து காட்டியவன் நான். ஆனால் வாய் திறக்கப் பயம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால், தெருவே என்னைத்தான் கைகாட்டும். சும்மா இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். அந்த அம்மாள் கேட்டதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"நாந்தான் பாத்தேன் பாண்டியம்மா. தினமும் இங்கன நின்னு டார்ச் அடிச்சேன். அந்த வெளிச்சத்துக்குத்தான் ரெண்டும் இங்கிட்டு வளைஞ்சிருக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயார்.

"வெளிச்சம் காட்டுன பக்கம் பயிர் திரும்புமா சார்?"

"திரும்பும். பாடப் புத்தகத்துலயே இருக்கு."

"நீங்க இங்கிட்டு மட்டுந்தான் நின்னீகளா?"

"ஆமா. பின்னாடி கைகூட நுழையாது. ஜிப்பும் கிடையாது."

மூன்றாவது சட்டியை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அங்கிட்டு நின்னு வெளிச்சம் காட்டுனது யாரு சார்?"

வெள்ளித் துணியில் வெளிச்சம் பட்டுத் திரும்பியிருக்கும் என்று ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்! பாண்டியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தாயீ கவிதா! உள்ள வா! உம்பிள்ளைய நம்ம அம்மனே வந்து நின்னு பாத்திருக்காடி!"

அவர் போட்ட குலவையில் ராஜேஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். போகிற போக்கில் பாண்டியம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்தது தப்புத்தான் சார். அதைத் தனியா பேசிக்கிறேன்" என்றார்.

நமக்குத்தான் வாத்தியார் புத்தி விடுமா? திருவிழா முடிந்ததும் அதே கூடாரம், அதே பயறு, மூன்று சட்டி, அதே இடம், பதினோரு மணிக்கு அதே டார்ச். ஆறாம் நாள் திறந்தேன். மூன்றும் முன்பக்கம் வளைந்திருந்தன. பின்னால் இருந்ததும்தான். மனசு கேட்காமல் இன்னொரு தரம் செய்தேன். அப்போதும் மூன்றும் என்னைத்தான் பார்த்தன.

போன வெள்ளிக்கிழமை கம்பத்து ஆஸ்பத்திரியில் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, தாயும் சுகம். பாண்டியம்மா சீனியோடு வந்தார். என் வாயில் ஒரு பிடி போட்டுவிட்டு, நேரே படுக்கையறைக்குப் போய், கூடாரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருக்கும் இடுக்கைப் பார்த்துக் கும்பிட்டார். என் சோதனையின் முடிவை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

புதினா மறுபடி குடிவந்துவிட்டது. கூடாரத்தைத்தான் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். "எதுக்கு இப்பிடி நடுவுல இழுத்து வச்சிருக்கீக? கால்ல இடிக்குது" என்று ராஜேஸ்வரி தினமும் சண்டைக்கு வருகிறாள்.

நிற்கிறவர்களுக்கு இடம் வேண்டாமா?