‘முடியாது’ என்று சொன்ன குற்றம்

இலங்கையில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்துக்காரனாக இருந்தேன். பெரிய படிப்பில்லை. காய்ச்சல் பார்க்கவும் புண் கட்டவும் மருந்து கலக்கவும் தெரியும், அவ்வளவுதான். கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து ஜனங்கள் என்னை ‘டாக்டர் ஐயா’ என்றார்கள். நானும் திருத்தவில்லை. என் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இருந்தால்தான் ஒருவர் சுகமில்லை என்று வேலைக்குப் போகாமல் இருக்கலாம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முப்பதுகளின் நடுவில், கொழுந்து கொட்டிய ஒரு மாதம், ஒரு பெண்ணுக்கு மூன்று நாள் துண்டு எழுதினேன். புருஷனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள். நெஞ்சில் சளி கட்டி உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டாம் நாள் காலையில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நேரே அவள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குப் போய், “எந்திரிச்சு மலைக்குப் போ” என்றிருக்கிறார். அவள் படுத்தபடியே, “இன்னைக்கு முடியாதுங்க” என்றிருக்கிறாள்.

அந்த ஒரு சொல்தான் வினையானது. ‘முடியாது’ என்றால் உடம்பால் இயலாது என்றும் அர்த்தம், செய்ய மாட்டேன் என்றும் அர்த்தம். சொல்கிறவளின் முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கண்டாக்கையா முகத்தைப் பார்க்கவில்லை. ‘வேலை செய்ய மறுத்தாள்’ என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். துரைக்கும் தோட்டத்துத் தமிழ் தெரியும். அவள் சொன்ன சொல் என்னவென்று கேட்டார், ஆனால் அவர் கற்ற தமிழில் அதற்கு ‘மாட்டேன்’ என்ற ஒரே அர்த்தம்தான். அவளை வேலையிலிருந்து நிறுத்தி, காம்பராவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அவள் எங்கே போவாள்? எழுந்து நிற்கவே திராணி இல்லை.

வேலைக்கு வராத கூலியை மறியலில், அதாவது ஜெயிலில், போடும் பழைய சட்டம் அதற்குள் எடுபட்டுப் போயிருந்தது. அதனால் என்ன? வெளியேறச் சொன்ன பிறகும் காம்பராவில் இருந்தாள், அத்துமீறல் என்று பொலிசில் வழக்கு வைத்தார்கள். வேலைக்குப் போகாத குற்றம் போய், படுத்திருந்த குற்றம் வந்தது. வழக்குத் தோற்றால் அவளுக்கு மறியல், பிள்ளைகளுக்குத் தெரு.

கண்டாக்கையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “டாக்டரையா, நீங்க கோட்டுப் பக்கம் வராம இருந்தா நல்லதுங்க. நாளைக்கும் நாம ஒரே தோட்டத்துலதான் இருக்கணும்.”

“அதுக்காகத்தாங்க வர்றேன்” என்றேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த மனிதருக்குத் தனக்கு வந்த பிறகும் தெரியவில்லை. போன மார்கழியில் வெறும் ஜலதோஷத்துக்கு நான்கு நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான். அவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

டவுன் கோட்டில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். அன்று காலையில் கண்டாக்கையாவிடம் என்ன சொன்னாய் என்று நீதவான் கேட்டார். அவளுக்கு மறைக்கத் தெரியாது. “முடியாதுன்னு சொன்னேங்க, சாமி” என்றாள். மொழிபெயர்ப்பவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். மறுத்ததை ஒப்புக்கொள்கிறாள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

யாரும் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து, “அவள் அப்படிச் சொல்லவில்லை” என்றேன். ஒரு பொலிஸ்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. நீதவான் என்னைச் சாட்சிக் கூண்டுக்கு வரச் சொன்னார். சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் சொல்லி, என் துண்டையும் காட்டினேன்.

“இரண்டு அர்த்தம் என்றால், அவள் எதை நினைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர்.

“இங்கே உட்கார்ந்து யாருக்கும் தெரியாது, ஐயா. அன்றைக்கு அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவனுக்குத்தான் தெரியும். என்மேல் சந்தேகம் இருந்தால் என்னைவிடப் படித்த டாக்டரை அனுப்பியிருக்கலாம். காய்ச்சலைப் பார்க்க எதற்குப் பொலிஸ்?”

இன்றும் என் வாதம் அதுதான். ஒருவருக்குச் சுகமில்லையா, பாசாங்கா என்ற சண்டை கூண்டில் தீர்க்கிற சண்டை அல்ல. நீதவான் வெகுநேரம் எழுதினார். பிறகு, துண்டு இருந்த நாளில் அவளை நிறுத்தியது செல்லாது, அவள் இருந்தது அவளுடைய காம்பராவில்தான் என்று சொல்லி விடுதலை செய்தார். துரை அவள் பெயரைத் திரும்பச் செக்ரோலில், ஆள் பதிவேட்டில், சேர்த்தார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் விடியலில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டிப் போனேன். அவள் முதல் ஆளாகக் கூடையோடு நின்றாள். முந்திய நாள் மழையில் கோட்டுக்கு நடந்ததில் காய்ச்சல் திரும்பியிருந்தது. இருமல் தூரத்திலேயே கேட்டது.

“ஏம்மா, போய்ப் படு. துண்டு எழுதித் தர்றேன்.”

“வேணாங்க ஐயா. ஜெயிச்சாலும் கோட்டுல ஏறுனது ஏறுனதுதானுங்களே. புள்ளைங்க ரொம்பப் பயந்து போச்சுங்க.”

அந்த வாரம் முழுக்க ஒருவர்கூட என்னிடம் துண்டு கேட்டு வரவில்லை. பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவள்கூட மலைக்குப் போனாள். “கோட்டு மருந்து நல்லா வேலை செய்யுது, டாக்டரையா” என்று கண்டாக்கையா சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

அடுத்த திங்கள், கண்டாக்கையா வருவதற்கு முன்பே பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். வரிசையில் வந்தவர்களின் நெற்றியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அன்று ஏழு துண்டு எழுதினேன், முதல் துண்டு அவளுக்கு. எதையும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. ஏழையும் கண்டாக்கையாவின் கையில் கொடுத்து, “இவங்களால இன்னைக்கு வேலை செய்ய முடியாதுங்க. சொன்னது நான்” என்றேன்.