கிழக்கேகோட்டை பஸ்ஸில் நான் சொன்ன சட்டம்

பிபிஏ எல்எல்பி, நான்காம் வருடம். காலையில், ஊழியர்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மேலாண்மை வகுப்பு. மதியம் தொழிலாளர் சட்டத்தில் தேர்வு. சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் தானாக மூடியது.

"வக்கீலுக்கா படிக்கே?"

மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட் அக்கா கேட்டார். தென்காசிக்காரர். பழவங்காடியில் துணிக்கடை வேலை.

"சேரும்போதே மொதலாளி என் ஆதார் கார்டை வாங்கி வச்சிக்கிட்டாரு. கேட்டா, வேலைய விட்டுப் போகையில தாரேங்காரு. அப்படி வச்சிக்கிடலாமாம்மா?"

தூக்கம் போய்விட்டது. இதற்குத்தானே ஐந்து வருடப் படிப்பு!

"வைக்கவே கூடாதுக்கா. உங்க பேப்பர் உங்ககிட்டதான் இருக்கணும். தைரியமா திருப்பிக் கேளுங்க. தரலைன்னா லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, கேட்டோ?" கடைசியில் மலையாளம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அக்கா என் புத்தகத்தை மறுபடி பார்த்தார்.

"உன் சர்டிபிகேட்டெல்லாம் உன்கிட்டதான இருக்கு? எங்க அக்கா மவளுதையெல்லாம் காலேஜ்லயே வாங்கி வச்சிருக்காங்க, அதான் கேட்டேன்."

என் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் நான்கு வருடமாகக் கல்லூரி ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

கிழக்கேகோட்டைக்கு டிக்கெட் எடுத்திருந்தும் அதற்கு முன்னால் வரும் தம்பானூரிலேயே இறங்கி நடந்தேன்.

உங்களில் யாராவது படிப்பு முடியும் முன்பே சர்டிபிகேட்டைத் தைரியமாகத் திருப்பிக் கேட்டு வாங்கியிருந்தால் சொல்லுங்கள். வருங்கால வக்கீல் ஒருத்திக்கு ஆலோசனை தேவைப்படுகிறது.