சவரியண்ணன் தலையில் இருந்த படிகள்

சவரியண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது, என் நாற்காலியில் இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு வலப்பக்கம் வெட்டி முடித்திருந்தேன், இடப்பக்கத்தைத் தொடவில்லை. எதிர்க்கடையிலிருந்து ஓடி வந்தவன் என் தம்பி தொம்மை. "அண்ணே, சவரிண்ணன் பூட்டாரு. காலைல சாணைக்கல்லுல தண்ணி ஊத்த உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றான். கத்தரியைக் கீழே வைத்தேன். வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், அவர் துண்டை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "நானும் வர்றேன். பாதித் தலையோட வந்தா சவரி கோச்சுக்க மாட்டாரு. அவரு தலை என்ன ஒழுங்கா?" மூன்று பேருமாக முதலியார்பேட்டைக்கு நடந்தோம். வழியெல்லாம் வாத்தியாரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

அவர் தலையைப் பற்றி, அவரை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அரிவாள், அரிவாள்மணை, தையல்காரர் கத்தரி எதையும் சாணைக்காரர் சவரியண்ணன் தொடமாட்டார். முடி வெட்டும் கத்தரிக்கு மட்டுமே சாணை. ஊரில் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவருக்கும் வேலை பெருகிவிட்டது. சாணை பிடித்த கத்தரியை முதலில் காதருகே வைத்து மூடித் திறப்பார். "கத்தரி பேசக் கூடாது லூர்து. மூச்சு வுட்டாப் போதும்" என்பார் என்னிடம். அப்புறம் தன் தலையிலிருந்தே ஒரு கொத்து முடியைப் பிடித்து வெட்டிப் பார்ப்பார். முடி இழுக்காமல் விழுந்தால்தான் கத்தரி நம் கைக்கு வரும். ஒரு நாளைக்கு ஆறு கத்தரி என்றால் ஆறு வெட்டு. ஊரில் இருந்த கத்தரிகளையெல்லாம் கூராக்கியவரின் தலை எலி கடித்த பாயாக, படி படியாக இருந்தது. சரிசெய்து விடுகிறேன் என்று யார் கெஞ்சினாலும் விடமாட்டார். "அப்பறம் நாளைக்கு எதுல வெட்டிப் பாக்கறது? உன் தலையிலயா?"

அவர் மூக்கும் லேசுப்பட்டதல்ல. ஒருமுறை என் கத்தரியை வாங்கியவர், மோந்து பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீராம்பட்டினத்து நெத்திலியா?" நான் விழித்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவி மதலேனிடம் கேட்டால், கருவாட்டுத் தலையைக் கத்தரியால் கிள்ளியது உண்மைதான் என்றாள். அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் சவரியண்ணன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, உங்களுக்குன்னு ஒரு அரிவாள்மணை நான் வாங்கித் தர்றேன். அவன் கத்தரிய வுட்டுடுங்க." சொன்னபடியே வாங்கியும் கொடுத்தார். இன்றும் எங்கள் வீட்டில் மீன் அதில்தான் நறுக்கப்படுகிறது.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டு வெட்கக்கேடு. எங்கள் அப்பா பிரெஞ்சுக் கப்பலில் வந்த அதிகாரி ஒருவரிடம் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கத்தரிகளை வாங்கி வைத்திருந்தார். அவர் காலமானதும் எனக்கொன்று, தொம்மைக்கொன்று என்று ஆயிற்று. ஆனால் கடையில் இருந்த சுழல் நாற்காலி ஒன்றுதான். அதில் யார் வேலை செய்வது என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, தொம்மை எதிரிலேயே தனிக்கடை போட்டான். முடிதிருத்துபவன் என்பதைப் பிரெஞ்சில் போட்டு 'குவாஃபேர் தொம்மை' என்று பலகை வேறு. நான்கு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முகத்துக்கு நேரே கடை. நான் கதவைத் திறந்தால் அவன் முதுகைக் காட்டுவான். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

நான்காம் வருஷம் பெரிய வெள்ளிக்கு முதல் நாள், நானும் கத்தரியைச் சாணைக்குக் கொடுத்தேன், அவனும் கொடுத்திருக்கிறான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஊரே முடி வெட்ட வரும். வேலை நெருக்கடியில் சவரியண்ணன் இரண்டு கத்தரிகளின் திருகையும் கழற்றி, நான்கு அலகுகளையும் ஒரே மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டுவிட்டார். எடுத்துப் பூட்டும்போது ஜோடி மாறிவிட்டது. வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று உரசிப் பழகிய அலகுகள் அவை. வேறு அலகோடு சேர்த்தால் இடையில் இழையளவு விலகி முடியைக் கடிக்கும். அவர் தலையிலோ அன்றைக்குப் பரிசோதிக்க முடி மிச்சமில்லை. வெட்டிப் பார்க்காமலே கொடுத்தனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை முதல் ஆளின் பிடரியில் கத்தரியை வைத்தேன். "அய்யோ!" என்று அவர் துள்ளினார். கோபத்தோடு முதலியார்பேட்டைக்கு ஓடினால், அங்கே எனக்கு முன்னால் தொம்மை நின்று கத்திக்கொண்டிருந்தான். சவரியண்ணன் இரண்டு கத்தரிகளையும் வாங்கிக் கழற்றிப் பலகையில் பரப்பினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எது யாருது, சொல்லுங்கப்பா."

நான் ஒரு அலகை எடுத்து, "இது என்னுது" என்றேன்.

தொம்மை என்னைப் பார்க்காமல் சாணைக்கல்லைப் பார்த்துச் சொன்னான். "அது என்னுது. நான் கீழ போட்டதுல அப்பா அடிச்சாரு. முனையில இருக்கு பாருங்க தழும்பு."

"உன்ன எங்கடா அடிச்சாரு? அன்னைக்கு அடி வாங்கனது நான்" என்று வாய் தவறி அவனிடமே சொல்லிவிட்டேன்.

நான்கு வருஷத்தில் முதல் பேச்சு அது. யார் அடி வாங்கியது என்ற சண்டை, எத்தனை அடி என்று வளர்ந்து, அப்பா ஒருதரம் துரை ஒருவரின் மீசையைப் பாதி எடுத்துவிட்ட கதைக்கு வந்து, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எந்த அலகு யாருடையது என்பது மட்டும் தீரவே இல்லை. கடைசியில் சவரியண்ணன், "மாறி இருக்கற மாதிரியே ஜோடி சேத்துடறேன்" என்று உட்கார்ந்தார். உச்சிப்பொழுது தாண்டும் வரை ஒவ்வொரு அலகின் வளைவையும் தட்டித் தேய்த்து இசைத்தார். முடிந்ததும் வழக்கப்படி கை தலைக்குப் போயிற்று, அங்கே ஒன்றுமில்லை. "ரெண்டு பேரும் குனிங்க" என்றார். அவன் கத்தரியால் என் தலையில் ஒரு கொத்து, என் கத்தரியால் அவன் தலையில் ஒரு கொத்து. இரண்டும் இடக்காதுக்கு மேலே. இரண்டு கத்தரிகளும் மூச்சு மட்டும் விட்டன. அன்று அண்ணனும் தம்பியும் படி விழுந்த தலையோடு சேர்ந்து திரும்பி வந்ததை, காத்திருந்த கூட்டம் பார்த்தது.

அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்கவே சவரி வேண்டுமென்று மாற்றினார் என்று ஊர் புகழ்ந்தது. அதைக் கேட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "நல்லது செஞ்சேன்னு சொல்லாதீங்கடா. தப்பு செஞ்சேன். வெட்டிப் பாக்காம ஒரே ஒரு தரம் குடுத்தேன், அது தப்பாப் போச்சு. இதுக்குப் போயி மாலை போடுவீங்களா?" கடைசி வரை அதே பேச்சுதான். நான் அவரை நம்புகிறேன். தப்பைப் புண்ணியமாக மாற்றிக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர்.

செய்தி கேட்டு நாங்கள் போனபோது வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நானும் தொம்மையும் ஒரு சீப்பும், அங்கே சாணைக்கு வந்திருந்த கத்தரியும் எடுத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தோம். ஒருநாளாவது அவர் ஒழுங்கான கிராப்போடு போகட்டும் என்று ஆசை. அவர் மனைவி அருளாயி அண்ணி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்பா. சரியா வெட்டி வுட்டீங்கன்னா, மோட்சத்து வாசல்ல சாவியோட நிக்கற இராயப்பரு யாருடா நீன்னு கேப்பாரு." அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். படிகளோடுதான் அவர் கல்லறைக்குப் போனார்.

எட்டாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சாணைக்கல்லைக் காட்டினார். "கல்லு ஒண்ணுதான் இருக்கு. நாற்காலி மாதிரி ஆக்கிடாதீங்க."

கல் இப்போது தொம்மை கடையில் இருக்கிறது. நாற்காலி என்னிடம். எங்களுக்குச் சாணை அவர் அளவுக்கு வரவில்லை. கத்தரி இன்னும் கொஞ்சம் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தொம்மை அந்த நாற்காலியில் உட்கார்கிறான், நான் வெட்டுகிறேன். பிறகு நான் உட்கார்கிறேன், அவன் வெட்டுகிறான். இடக்காதுக்கு மேலே இருக்கும் ஒரு படியை மட்டும் இரண்டு பேருமே சரிசெய்வதில்லை.