ஆறாவது அட்டை

பகல் பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. பேசியவர் ஒரு தலைமையாசிரியை. "உங்க அக்கா இங்க மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இன்னொன்றையும் சேர்த்தார்: "அவங்க எங்க ஸ்டாஃப் இல்லம்மா. வாரத்துல ஒரு நாள் வந்துபோறவங்க. அதையும் சொல்லிடணும்ல."

அக்கா எந்தப் பள்ளிக்கும் ஸ்டாஃப் இல்லை. பேச்சு வராத, காது கேட்காத, எழுத்து ஏறாத பிள்ளைகளுக்கு அரசு போட்ட ஸ்பெஷல் டீச்சர். ஆறு பள்ளிக்கு அவள் ஒருத்தி, நாளுக்கு ஒன்று. எங்கும் அவளுக்கு அலமாரி கிடையாது என்பதால் இரண்டு தோளிலும் பை தொங்கும். ஆசிரியர்கள் வைத்த பெயர் 'மூட்டை டீச்சர்'.

"கழுதைன்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் மரியாதைதான்" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதுவும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. "சொந்தமா ஒண்ணு இருந்தா இதுங்களக் கட்டிக்கிட்டு அழுவாங்களா?" என்று அவள் காதுபடவே பேசுவார்கள். அதிகாரி வருகிற நாளுக்கு முந்தின நாள் தவறாமல் ஒரு செய்தி வரும்: "டீச்சர், நாளைக்கு உங்க ஆளுங்க லீவுல இருக்கட்டும்."

புதன்கிழமைப் பள்ளியில் அவளுக்குக் கொடுத்தது மைதானத்தின் கடைசியில் இருந்த விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப் போன பந்துகள், கிழிந்த வலை, கால் உடைந்த பெஞ்சு. அங்கே அவளுக்கு ஒரே மாணவி, ஒன்பது வயது, பேச்சு வராது. சாக்பீஸ், செருப்பு, எது கையில் கிடைத்தாலும் செங்கல் வைப்பதுபோல் நூல் பிசகாமல் வரிசையாக அடுக்குவாள். அதனால் அக்கா அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தாள்.

மேஸ்திரிக்கு ஒரு வருடத்தில் ஐந்து பட அட்டைகள் பழகியிருந்தன. தண்ணி, பசி, டாய்லெட், போதும், வலி. மற்றவற்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். வலிக்கு மட்டும் தனிச் சட்டம்: வலிக்கிற இடத்தில் அட்டையை வைத்துவிட வேண்டும். வயிறா, பல்லா என்று அப்போதுதானே தெரியும். இதற்காக அக்கா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று நடிப்பாள். மேஸ்திரி ஓடி வந்து முழங்காலில் அட்டையை வைப்பாள்.

ஒரு நாள் பெரிய வகுப்புப் பெண்கள் அவளைக் கழிவறையில் தள்ளி வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தாள். திறந்து பார்த்தபோது ஐந்து அட்டைகளையும் தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாளாம். எதுவும் பொருந்தவில்லை.

அன்று மாலையே அக்கா ஆறாவது அட்டையை வரைந்தாள். விரித்த ஒரு கை, அடியில் 'உதவி'. "இது ஒண்ணு அவ கையில ஏறிட்டா போதும்டி. யாரையாவது கையோட இழுத்துக்கிட்டு வந்துடுவா" என்றாள்.

மேஸ்திரி எதையும் கடித்துவிடுவாள். லேமினேட் செய்யாத அட்டை ஒரு நாள் தாங்காது. மெஷின் பள்ளி அலுவலகத்தில் இருந்தது. அக்கா கொடுத்த அட்டையைக் கிளார்க் மேஜை டிராயரில் போட்டார். "மெரிட் சர்டிபிகேட் எல்லாம் முடியட்டும் டீச்சர். உங்களது சின்ன வேலைதானே." இப்படியே மூன்று புதன்கிழமைகள் போயின.

நான்காவது புதன்கிழமை என்ன நடந்தது என்பதை, ஒரு வாரம் கழித்து அக்காவின் பைகளை வாங்கப் போனபோது அந்தக் கிளார்க்கே சொன்னார்.

"பதினோரு மணி இருக்கும் மேடம். அந்தப் பொண்ணு ஆபீஸுக்கு ஓடி வந்து தண்ணி அட்டையக் காட்டிச்சு. ஊத்திக் குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடியும் காட்டிச்சு. மறுபடியும் குடுத்தேன். மூணாவது தடவை ஹெச்.எம். மேடம், 'டேங்கையே காலி பண்ணிடும் போல'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் பசி அட்டை, டாய்லெட் அட்டை. கடைசியா போதும் அட்டை. 'பாரு, அதுவே போதும்னு சொல்லுது, அனுப்பு'ன்னாங்க மேடம். அழுவவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கையப் பிடிச்சு வெளியில விட்டேன்."

சாப்பாட்டு மணி அடித்த பிறகு பந்து எடுக்கப் போன பிள்ளைகள்தான் அக்காவைப் பார்த்திருக்கிறார்கள்.

"ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

கிளார்க் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணுக்கு விவரம் பத்தல மேடம். டீச்சர் விழுந்து கிடக்காங்க, அவங்க நெஞ்சு மேல ஒரு அட்டைய வச்சு விளையாடியிருக்கு."

அது வலி அட்டையா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். அட்டைகள் பையில்தான் இருந்தன. நான்கில் தண்ணீர்த் துளி, சோற்றுத் தட்டு என்று வேறு படங்கள். ஐந்தாவதில் செருப்புத் தடம் பதிந்திருந்தது. அது வலி.

மேஸ்திரியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். புது டீச்சர் வருகிறவரைக்குமாம். யாரும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் அவள் தினமும் பள்ளிக்கு வருகிறாள்.

பைகளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் கிளார்க். பேனா எடுக்க டிராயரைத் திறந்தார். சர்டிபிகேட் கட்டு இல்லை, எல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள். மேலாக அந்தக் கை அட்டை கிடந்தது. வாயில் குத்தாமலிருக்க அக்கா நான்கு மூலைகளையும் வளைத்து வெட்டியிருந்தாள். லேமினேட் செய்திருக்கவில்லை.