திறம் வாங்கிய காலர்

மகளின் பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தமிழ்ப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், "திறமைங்கிற சொல்லு எங்கேருந்தும்மா வந்துச்சு? உள்ள இருக்கிறத திறந்து காட்டுறதாலயா?" என்றாள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதி, திறம் என்பதிலிருந்து வந்தது என்கிறது. திறம் என்றால் தன்மை, வகை, வலிமை. எனக்கோ அந்தச் சொல் பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில், மெஷின் எண்ணெய் வாசனையோடு வந்தது.

அங்கே எங்கள் வரிசையில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். நன்றாகத் தைப்பவளைக் கெட்டிக்காரி என்போம். சுப்பவைசர் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். தையலை நகத்தால் இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் "திறம்" என்பார். அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு முடியாமல் போனால் பக்கத்து மெஷின்காரி அவள் பங்கையும் தைத்துவிடுவாள். மேலே தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். உலகத்திலேயே நல்லவர்கள் நாங்கள்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்போது மாதிரித் துணி தைக்கும் அறையில் ஓர் இடம் காலியானது. அங்கே சாய்ந்து உட்காரக் கதிரை உண்டு, அவசரப்படுத்த ஆள் இல்லை. என் முதுகுவலிக்கு அந்தக் கதிரை கிடைக்க வேண்டுமென்று கும்பிடாத சாமியில்லை. ஆளுக்கொரு காலர் தைத்துக் காட்டச் சொன்னார்கள்.

என் பக்கத்து மெஷின் சாந்தி, தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள், விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஊசி ஏறிருச்சுடி. எனக்கும் ஒன்னு தைச்சுக் குடேன். அந்த வேல எனக்கு வேணாம், ஒன்னுமே வைக்கலன்னா ஏசுவாங்க."

அவளுடையதை முதலில் நிதானமாகத் தைத்தேன். மிச்சமிருந்த நேரத்தில் என்னுடையதை ஓட்டினேன். அதன் முனை கொஞ்சம் கோணிவிட்டது.

மிஸ் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றில் கை நின்றது.

"திறம்! இது ஆர் தைச்சது?"

சாந்தி சொல்லிவிடுவாள் என்று சிரித்துக்கொண்டே நின்றேன், அசடு மாதிரி. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் மிஸ்."

நான் வாயைத் திறந்தால் வரிசை முழுக்க மாட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். கதிரை அவளுக்குப் போனது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்க ஆளில்லை. பெயருக்குக்கூட ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை அவள். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

விஷயம் எப்படியோ எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதன் பிறகு எங்கள் வரிசையில் யாரும் யாருக்கும் தைத்துக் கொடுக்கவில்லை. ஒருத்தி காய்ச்சலோடு மெஷின் மேல் தலையைச் சாய்த்திருப்பாள், சுற்றிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். என்னுடையதும்தான்.